'மெடிக்கல் கஞ்சா' மனசுக்கு மருந்தா? சர்க்யூட்டைத் திறந்து பார்ப்போம்



ஹாஸ்டலில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் இந்த வாதம் எப்படியும் ஒரு தடவை வந்துவிடும். "அமெரிக்காவுல டாக்டரே எழுதிக் கொடுக்கிறார்டா, டிப்ரஷனுக்கு நல்லதாம். இங்கதான் புடிச்சு உள்ள போடுறாங்க." சும்மா பேச்சுக்குச் சொன்னால் பரவாயில்லை. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் பைபோலாருக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரையால் கை நடுங்குகிறது, வெயிட் போடுகிறது, காலையில் முதல் பீரியடில் கண் சொருகுகிறது. இதிலிருந்து எப்போது விடுதலை என்று யோசித்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த ஒரு வாக்கியம் ரொம்ப ஆசை காட்டும்.

இந்தக் கட்டுரை முக்கியமாக அவருக்காக. பயமுறுத்தும் போஸ்டர் பாஷையும் வேண்டாம், "இயற்கை மூலிகை மச்சி" பாஷையும் வேண்டாம். நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். ஒரு சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது, அதில் வெளியிலிருந்து ஒரு சிக்னலைக் கொடுத்தால் என்ன ஆகும், டேட்டா என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு பஸ்ஸும் 5 கிலோ ஹஷீஷும்

முதலில் ஒரு விஷயம். 'கஞ்சா' என்பது ஒரே மருந்து இல்லை. அந்தச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வகைச் சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. நமக்கு இன்று இரண்டு போதும். ஒன்று டி.எச்.சி., போதை தருவது. இன்னொன்று சி.பி.டி., அந்தப் போதையைத் தராதது. "கஞ்சா நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இதுதான். எது, எவ்வளவு, யாருக்கு என்று கேட்காமல் "ஐ.சி. நல்லதா கெட்டதா" என்று கேட்பது மாதிரி.

1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற இளம் வேதியியலாளர் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கஞ்சாவில் போதை தருவது எது என்று மட்டும் ஏன் இன்னும் சரியாகத் தெரியவில்லை? ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே! போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் லேபுக்கு வந்தாராம். பஸ்ஸில் வந்த வாசனையைப் பற்றி அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார். 1964இல் அவரும் யெஹியேல் கவோனியும் டி.எச்.சி.யைச் சுத்தமாகப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. ஒரு செடியின் சேர்மம் நம் மூளையில் போய் ஒட்டுகிறது என்றால், ஒட்டுவதற்கு அங்கே ஒரு சாக்கெட் இருக்க வேண்டும். 1988இல் அது கிடைத்தது, சி.பி.1 ஏற்பி என்று பெயர். சரி, செடிக்காகவா நம் மூளை சாக்கெட் செய்து வைத்திருக்கும்? உடம்பே தயாரிக்கிற பிளக் ஒன்று இருக்க வேண்டுமே. 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் அதையும் பிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. ஆமாம், நம்ம 'ஆனந்தம்'தான். சமஸ்கிருதச் சொல்லை எடுத்து வேதியியல் வாலை ஒட்டிவிட்டார்கள்.

உள்ளே ஓடுவது ஒரு ஃபீட்பேக் லூப்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சாதாரணமாக மூளையில் சிக்னல் ஒரே திசையில் போகும். முதல் நரம்பணு ஒரு ரசாயனத்தை வெளியே விடும், இரண்டாவது அதை வாங்கும். ஆனந்தமைடு, 2-ஏ.ஜி. போன்ற நம் உடம்பின் சொந்தக் கன்னாபினாய்டுகள் தலைகீழாக ஓடுகின்றன. வாங்குகிற நரம்பணு "போதும்பா, ரொம்ப அனுப்பாதே" என்று இவற்றைத் தயாரித்து அனுப்புகிறவரிடம் திருப்பி விடுகிறது. அனுப்புகிறவரின் சி.பி.1இல் இது ஒட்டியதும் வெளியீடு குறைகிறது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் படித்தவர்களுக்கு ஃப்ளோ கன்ட்ரோல் ஞாபகம் வந்திருக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு நெகட்டிவ் ஃபீட்பேக். இரண்டும் சரிதான்.

இங்கே மூன்று குணங்களைக் கவனியுங்கள். தேவைப்படும் அந்த நொடியில்தான் தயாராகிறது. தேவைப்படும் அந்த இடத்தில் மட்டும்தான். வேலை முடிந்ததும் நொதிகள் உடனே உடைத்துவிடுகின்றன. பயம், பசி, தூக்கம், ஸ்ட்ரெஸ் எல்லாவற்றிலும் இந்தச் சின்ன பிரேக் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இப்போது புகையாக டி.எச்.சி. உள்ளே வருகிறது. அதற்கு நேரமும் தெரியாது, இடமும் தெரியாது. மூளை முழுக்க எங்கெல்லாம் சி.பி.1 இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒரே நேரத்தில் ஒட்டும், மணிக்கணக்கில் விடாது. ஒவ்வொரு ரௌட்டருக்கும் தனித்தனியாகப் போக வேண்டிய "நிறுத்து" சிக்னலை மொத்த நெட்வொர்க்குக்கும் பிராட்காஸ்ட் செய்வது மாதிரி. நடுங்கிக்கொண்டிருந்த மனசு அமைதியானதாகத் தோன்றலாம். எது எதை நிறுத்தினோம் என்பது வேறு கணக்கு.

தலைகீழாக ஒரு சோதனை நடந்தது

இந்த லூப்புக்கும் மனநிலைக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது என்பதை உலகம் ரொம்ப மோசமான வழியில் கற்றுக்கொண்டது.

கஞ்சா அடித்தால் பசிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் சி.பி.1ஐ அடைத்துவிட்டால் பசி குறையும், உடல் எடை குறையும் இல்லையா? அப்படி வந்த மருந்துதான் ரிமோனபான்ட். 2006இல் ஐரோப்பாவில் 'அக்காம்ப்ளியா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் வந்தன. 2007இல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 14-0 என்று எதிராக வாக்களித்தது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்துகொண்டிருந்த பெரிய ஆய்வை இதனாலேயே பாதியில் நிறுத்தினார்கள். அதில் தீவிரமான மனநலப் பக்கவிளைவு ரிமோனபான்ட் சாப்பிட்டவர்களில் 2.5 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம்.

உடனே மனசு எங்கே போகும் தெரியுமா? "அடைச்சா சோர்வு வருது. அப்போ திறந்தா சந்தோஷம் வரணுமே?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த சிஸ்டமும் அவ்வளவு லீனியராக இருப்பதில்லை. ஆயிலே இல்லாவிட்டால் பைக் இன்ஜின் சீஸ் ஆகும். அதற்காக இரண்டு மடங்கு ஊற்றினால் வண்டி பறக்காது.

2017இல் சிகாகோவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான 42 பேர். சிலருக்கு 7.5 மில்லிகிராம் டி.எச்.சி., சிலருக்கு 12.5, சிலருக்கு ஒன்றும் இல்லாத காப்ஸ்யூல். எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு நேர்முகத் தேர்வு மாதிரி ஒன்று, எதிரே முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஆட்கள், மனக்கணக்கு வேறு. (நம் வைவாவை நினைத்துக்கொள்ளுங்கள்.) 7.5 எடுத்தவர்களுக்குப் பதற்றம் கொஞ்சம் குறைவு. 12.5 எடுத்தவர்களுக்கு மனநிலை முன்னைவிட மோசம். வித்தியாசம் வெறும் 5 மில்லிகிராம். தெருவில் வாங்கும் பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளந்து தரப்போகிறார்கள்?

டிப்ரஷனுக்கு, பைபோலாருக்கு: டேட்டா என்ன சொல்கிறது?

2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் அதுவரை வந்த 83 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. மனச்சோர்வு, பதற்றம், இன்னும் சில மனநலப் பிரச்சனைகளுக்குக் கன்னாபினாய்டு உதவுகிறதா என்பதுதான் கேள்வி. மனச்சோர்வைத் தீர்க்கிறது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள். பதற்றத்தில் மட்டும் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் பெரும்பாலும் வலி போன்ற வேறு நோய்க்காக மருந்து எடுத்தவர்களிடம், தரம் குறைந்த சான்றோடு.

அதே வருஷம் வேறொரு தொகுப்பாய்வு. 11 ஆய்வுகள், 23,317 பேர். பதின்ம வயதில் கஞ்சா பழகியவர்களுக்கு இளவயதில் மனச்சோர்வு வரும் ஆட்ஸ் 1.37 மடங்கு, தற்கொலை முயற்சிக்கு 3.46 மடங்கு. 2023இல் டென்மார்க்கிலிருந்து இன்னொன்று. அரசுப் பதிவேடுகளில் இருக்கும் 66 லட்சம் பேரின் தரவு. கஞ்சாப் பழக்கம் நோய் அளவுக்குப் போனவர்களுக்கு மனச்சோர்வு அபாயம் 1.84 மடங்கு, பைபோலார் அபாயம் 2.96 மடங்கு.

இங்கே புத்திசாலியான வாசகர் ஒருவர் கை தூக்குவார்: "கோரிலேஷன் வேற, காசேஷன் வேற. ஏற்கெனவே மனசு சரியில்லாதவங்கதானே கஞ்சா பக்கம் போவாங்க?" நல்ல கேள்வி. அம்பு இரண்டு பக்கமும் போகலாம், குடும்பம், மரபணு, சின்ன வயது அனுபவம் எல்லாம் நடுவில் இருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பைபோலார் இருக்கிறது என்றால் இந்த வாதம் பெரிதாகக் கை கொடுக்காது. நோய் வந்த பிறகு ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. கஞ்சா தொடர்கிறவர்களிடம் மேனியா, அதாவது மிகையெழுச்சி, தூண்டப்படுவதும் நீடிப்பதும் அதிகம். மேனியா கட்டத்தில் இருப்பவருக்குத் தூக்கம் தேவைப்படாது, காசு தண்ணீராகப் போகும், தான் எதையும் சாதிப்பேன் என்று தோன்றும். அந்த நேரத்தில் எரியும் அடுப்பில் நெய்தான் இது. மனநல மருத்துவர்கள் வீட்டில் யாருக்காவது பைபோலாரோ மனச்சிதைவோ இருந்ததா என்று கேட்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

"ஆனா எனக்கு வேலை செய்யுதே!"

இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் இருக்கும். ஏன் என்று பாருங்கள்.

தினமும் டி.எச்.சி. வந்து சி.பி.1ஐத் தட்டிக்கொண்டே இருந்தால், மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. தினசரி புகைப்பவர்களின் மூளையை பி.இ.டி. ஸ்கேனில் பார்த்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். ஏற்பி குறைந்தால் நம் சொந்த ஆனந்தமைடுக்கு ஒட்ட இடம் குறைவு. அதாவது, உடம்பில் இருந்த இயற்கையான பிரேக் தேய்ந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு நாள் புகைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, மனச்சோர்வு எல்லாம் வரிசையாக வரும். இதற்குப் பெயர் கஞ்சா விலகல் நிலை. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் இதற்கு முறையான இடம் இருக்கிறது. இந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். டிப்ரஷனின் அறிகுறிப் பட்டியல் மாதிரியே இல்லையா? அவர் அதை "என் நோய் திரும்ப வந்துடுச்சு" என்று நினைப்பார். ஒன்றை இழுப்பார். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகும். "பாத்தியா, இதுதான் எனக்கு மருந்து!"

போன தடவை வாங்கிய கடனுக்கான வட்டியைத்தான் இப்போது கட்டியிருக்கிறார். அசல் அப்படியே இருக்கிறது.

நல்ல செய்தியும் அதே ஸ்கேன் ஆய்வில்தான் இருக்கிறது. சுமார் நாலு வாரம் நிறுத்தியவர்களுக்கு அந்த ஏற்பிகள் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பிவிட்டன. விலகல் தொந்தரவு முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். தூக்கமும் கலர் கலரான கனவும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் படுத்தும்.

சி.பி.டி. எண்ணெய் பரவாயில்லையா?

இதற்கு நியாயமான இடம் கொடுக்க வேண்டும். 2011இல் பிரேசிலில் சமூகப் பதற்றம் உள்ள 24 பேரை மேடைப்பேச்சு மாதிரியான சோதனையில் நிறுத்தினார்கள். 600 மில்லிகிராம் சி.பி.டி. எடுத்த பாதிப் பேருக்குப் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. 2019இல் ஆரோக்கியமான ஆண்கள் 57 பேரிடம் 150, 300, 600 என்று மூன்று அளவு கொடுத்துப் பார்த்ததில் நடுவில் இருந்த 300 மட்டும் வேலை செய்தது. கிராஃப் போட்டால் கவிழ்த்துப்போட்ட 'யு'. ஆக, ஒற்றை நாள் பதற்றத்துக்கு ஏதோ இருக்கிறது. மனச்சோர்வுக்கும் பைபோலாருக்கும் அப்படிச் சொல்ல இன்னும் சான்று வரவில்லை.

இன்டர்நெட்டில் வாங்கும் பாட்டில் வேறு கதை. 2017இல் அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களை லேபில் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் டி.எச்.சி. இருந்தது.

அதைவிட முக்கியம், மருந்தோடு மருந்து மோதுவது. 2018இல் எஃப்.டி.ஏ. அனுமதித்த 'எபிடியோலெக்ஸ்' என்பது சுத்தமான சி.பி.டி.; குழந்தைகளுக்கு வரும் கடுமையான சிலவகை வலிப்புக்கான மருந்து. இதை வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்ற எச்சரிக்கை அதன் குறிப்பிலேயே இருக்கிறது. வால்ப்ரோயேட் யாருக்குக் கொடுப்பார்கள்? வலிப்புக்கு மட்டும் இல்லை, பைபோலாருக்கும்தான். ஓலன்சபின் சாப்பிடுகிறவர் புகைத்தால், அது கஞ்சாவோ சிகரெட்டோ, புகையே கல்லீரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். டாக்டர் சரியான டோஸ்தான் கொடுத்திருப்பார். ரத்தத்தில் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

"அமெரிக்காவுல டாக்டரே" விஷயத்துக்கு வருவோம். 1996இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மாநிலச் சட்டங்களின்படி அங்கே டாக்டர் தருவது தகுதிச் சான்று மாதிரி. நம்ம ஊர் மருந்துச் சீட்டு இல்லை. கஞ்சாச் செடியை எந்த மனநோய்க்கும் எஃப்.டி.ஏ. மருந்தாக அனுமதிக்கவில்லை. கீமோதெரபி வாந்திக்கு டிரோனபினால் 1985 முதல் இருக்கிறது. பல நாடுகளில் தசைவிறைப்புக்கு ஒரு ஸ்ப்ரே இருக்கிறது. அவை அளந்த மருந்துகள், வேறு நோய்களுக்கு.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. அதை 1 கிலோவுக்குள் வைத்திருந்தாலே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது: பழக்கத்துக்கு ஆளானவர் தானாக அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போனால், பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு.

அப்போ அன்றாடம் என்னதான் செய்வது?

இதைச் சொன்னால் "இவ்வளவுதானா" என்பீர்கள். பைபோலாரில் மருந்தோடு சேர்ந்து உதவுவது கடிகாரம்தான். பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் குழுவினர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். எழும் நேரம், முதல் ஆளிடம் பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் இவற்றைத் தினமும் குறித்து, நிலையாக வைத்திருக்கப் பழக்குவார்கள். செமஸ்டருக்கு முந்தின இரவு முழுக்க விழித்துப் படிப்பது மற்றவர்களுக்கு ஒரு நாள் தலைவலி. பைபோலார் உள்ளவருக்கு அது மேனியாவுக்கான சுவிட்சாக மாறலாம். நைட் அவுட்டுக்கு வரவில்லை என்றால் "சீன் போடாதடா" என்று சொல்லாமல் விடுவது ரூம்மேட் செய்யும் பெரிய உதவி.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் கண்டுபிடித்துச் சொன்ன இந்த எளிய உப்பு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிரிக்கெட் ஆடினால் அளவு ஏறும். வாந்தி, பேதி வந்தாலும் ஏறும். கால் பிசகியதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் மாத்திரையும் ஏற்றிவிடும். வலி மாத்திரை வாங்கும்போது லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கை நடுக்கம் திடீரென்று அதிகமாகி, நடை தள்ளாடினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி போங்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் டோஸைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது; தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே கஞ்சா பழக்கம் இருக்கிறதா? டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது, எல்லாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுக்கிறது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவரும் மாத்திரையும் இலவசம்.

நண்பர் மூன்று நாளாகத் தூங்காமல், ஆனால் களைப்பே இல்லாமல், பேச்சு ஓயாமல் இருக்கிறார் என்றால் வீட்டுக்குச் சொல்லுங்கள். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நண்பருக்காக நீங்களும் அழைக்கலாம்.